வாசகர் கேள்வி பதில்: மேட்டூர் நிரம்பினா டெல்டா செழிப்பா?

கேள்வி: மேட்டூர் 120 அடி நிரம்பிருச்சுன்னு நியூஸ்ல வந்தா, அந்த வருஷம் டெல்டாவுல விவசாயம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா? ஊர்ல சித்தப்பாகிட்ட கேட்டா அலுத்துக்கறார்.
(வாசகர், சென்னை)

பதில்: எடுத்துக்க முடியாதுங்க. சித்தப்பாவுக்கு நிலம் எந்தப் பக்கம்னு நீங்க எழுதல, முதல்ல பார்க்க வேண்டியதே அதுதான். கும்பகோணம், பாபநாசம் பக்கம் போர்வெல் வச்சிருக்கவங்க அணை திறக்கறதுக்கு முன்னாடியே மோட்டார் தண்ணியில நாத்து விட்டு குறுவைய, அதாவது குறுகிய கால நெல்ல, நட்டுருவாங்க. தலைஞாயிறு, வேதாரண்யம் மாதிரி கடைமடையில, அதாவது வாய்க்கால் முடியற கடைசிப் பகுதியில, நிலத்தடி நீர் உப்பு, அவங்களுக்கு ஆத்துத் தண்ணியும் மழையும் விட்டா வேற வழி இல்ல.

2024-ஐயே எடுத்துக்கங்க. வழக்கமா ஜூன் 12 திறக்கற அணைய தண்ணி இல்லாம ஜூலை 28-ல தான் திறந்தாங்க, அடுத்த ரெண்டு மூணு நாள்லயே அணை நிரம்பி உபரித் தண்ணி கொள்ளிடத்துல போக ஆரம்பிச்சுது, ஆனா ஆத்துப் பாசனத்த நம்பியிருந்தவங்களுக்கு அதுக்குள்ள குறுவை பட்டம் தப்பிப் போச்சு. சரி அடுத்து வர்ற நீண்ட கால நெல்லு, சம்பாவாவது கை குடுக்கும்னு நட்டா நவம்பர் கடைசி மழையில நாகை, திருவாரூர், மயிலாடுதுறைல பயிர் தண்ணிக்குள்ள நின்னுச்சு. நிரம்பின அணை, மூழ்கின வயல், ரெண்டும் ஒரே வருஷம்.

அதனால சித்தப்பாகிட்ட போன் பண்ணா அணை மட்டத்த விட்டுட்டு, உங்க வாய்க்கால்ல தண்ணி ஏறுதா, முறை வச்சு (வாய்க்கால் வாய்க்காலா மாத்தி மாத்தி) விடறாங்களா, வடிகால் தூர் வாரியாச்சான்னு கேளுங்க. பாசன வாய்க்கால் பத்தி எல்லாரும் பேசறோம், வடிகால் பத்தி பேச ஆள் இல்ல. ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தா ரெண்டு நாள்ல வடிய வேண்டிய தண்ணி ஒரு வாரம் நிக்கும், இளம் பயிர் அழுகிரும். என்னைக் கேட்டா கடைமடையோட நிலவரத்த வடிகால்ல தான் பார்க்கணும்.

கேள்வி: குறுவை பரப்பு கூடியிருக்குன்னு அறிவிப்பு வருது, அப்புறம் ஏன் விவசாயிங்க ரோட்டுல நெல்ல கொட்டி உக்காந்திருக்காங்க?
(வாசகி, திருச்சி)

பதில்: நட்ட கணக்கு வேற, வித்த கணக்கு வேறம்மா. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர்ல வரும், அப்பதான் மழையும் இறங்கும். அரசு நெல் வாங்கற கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும், மழை நாள்ல அத எங்க காய வைக்கறது? களம் பத்தாம ரோட்டுல கொட்டறாங்க, சாக்கு தட்டுப்பாடு, லாரி வந்து மூட்டைய ஏத்தல, அதுக்குள்ள நெல்லு முளைச்சிருது. மத்திய அரசுகிட்ட ஈரப்பத தளர்வு கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வர்றதுக்குள்ள விவசாயி பாதிய வியாபாரிகிட்ட குறைஞ்ச விலைக்குத் தள்ளிருவார். இந்தத் தளர்வ அறுவடைக்கு முன்னாடியே வாங்கி வைக்கணும், வருஷா வருஷம் தெரிஞ்ச கதைதானே இது.

கேள்வி: எங்க ஊருக்கு தண்ணி லேட்டாதான் வருது, சிஆர் 1009 போடலாமா?
(வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: அது கிட்டத்தட்ட 155, 160 நாள் நெல் ரகம். ஆகஸ்ட்ல விதைக்க முடிஞ்சா போடுங்க, அதுலயே வெள்ளம் தாங்கற சப்-1 ரகம் கிடைச்சா இன்னும் நல்லது, ரெண்டு வாரம் வரைக்கும் மூழ்கினாலும் தாங்கும். செப்டம்பர் தாண்டிப் போச்சுன்னா டிகேஎம் 13 மாதிரி 130 நாள் ரகத்துக்கு மாறிக்கங்க. எத போட்டாலும் விஏஓ-கிட்ட அடங்கல் (என்ன பயிர் போட்டிருக்கீங்கன்னு காட்டற பதிவு) வாங்கி பயிர் இன்சூரன்ஸ் கட்டிருங்க, சம்பாவுக்கு கடைசி தேதி வழக்கமா நவம்பர் 15, நீட்டிப்பாங்கன்னு காத்திருக்காதீங்க.