பழகிய யானையா, பழக்கிய யானையா?

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். யானைச் சவாரி பாவம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். 'பழகிய யானைதானே, அதற்கு என்ன கஷ்டம்?' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? - ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கணவரின் 'பழகிய' என்ற சொல்.

பழகுவது தன்வினை, பழக்குவது பிறவினை. பக்கத்து வீட்டு நாய் உங்களிடம் பழகும். முகாம் யானையைப் பழக்கியிருக்கிறார்கள். இந்தத் தன்வினைச் சண்டையை இதே பக்கத்தில் பல வருடமாகப் போட்டுவருகிறேன். கண்மாயில் மண்ணைக் கொட்டி மனை போட்டு விற்றிருப்பார்கள். செய்தியில் 'கண்மாய் காணாமல் போனது' என்று வரும். கண்மாய் தானாக எங்கே போகும்? தூர்த்தது யார் என்று எழுத வேண்டாமா? வாக்கியத்திலிருந்து ஆளை எடுத்துவிட்டால் குற்றமும் கூடவே போய்விடுகிறது.

சரி, பழக்குவது எப்படி? பால்குடி மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட இடமில்லாத மரச்சட்டத்துக்குள் நிறுத்திக் கட்டுவார்கள். பட்டினி போடுவார்கள், தூங்க விடமாட்டார்கள், அங்குசத்தால் குத்துவார்கள். நாள்கணக்கில் நடக்கும். அங்கே அதற்குப் 'பஜான்' என்று பெயர். அது முடிந்து வருவதைத்தான் நாம் சாது என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். முன்காலில் சங்கிலியோடு ஒரு பெண் யானை, தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நின்றது. 'டான்ஸ் ஆடுது பாரு' என்று குழந்தைகள் கைதட்டினார்கள். அரைமணி நேரம் பார்த்தேன், நிறுத்தவே இல்லை. கட்டிப்போட்ட யானைக்கு மனம் கெட்டு வருகிற ஆட்டம் அது. காதுக்குப் பின்னால் தோல் மெல்லிசு. அங்கே காய்ந்த புண்கள் வரிசையாக இருந்தன.

பாகன்களை மட்டும் திட்ட எனக்கு மனம் வராது. 1989இல் தாய்லாந்து அரசு காட்டில் மரம் வெட்டத் தடை போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் ஒரேயடியாக நடுத்தெருவுக்கு வந்தார்கள். பாங்காக் வீதிகளில் யானையோடு பிச்சை எடுத்தார்கள், முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள். நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்கிற பிராணியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்? 2020இல் கொரோனா வந்து பயணிகள் நின்றபோது, சியாங் மாய் பக்கத்து முகாம்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை மலைக்கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். நம் டிக்கெட் பணம்தான் அந்தத் தொழிலையே நடத்துகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம், 'சவாரி கிடையாது, குளிப்பாட்டலாம்' என்று 'சரணாலயம்' போர்டு மாட்டிய இடங்களும் உண்டு. ஆற்றில் உங்களுக்காக அசையாமல் நிற்பதும் பழக்கிய யானைதான். 2025 ஜனவரியில் அப்படிக் குளிப்பாட்டிய ஸ்பெயின் நாட்டு இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார்.

குழந்தைகள் யானை பார்க்க ஆசைப்பட்டால் குயி புரி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். பிற்பகலில் வண்டியில் அழைத்துச் செல்வார்கள். காட்டு யானைகள் தாமாகப் புல்வெளிக்கு வரும். தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும், பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். கணவரையும் ஒரு அரைமணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.