பல்லைக் கடித்துக்கொண்டு – கடிதம்

வணக்கம்.

எனக்கு வயது 34. ஓராண்டாக இரண்டு பேர் வேலையை நான் ஒருவனே பார்க்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் மேலாளரிடமிருந்து வாட்ஸப் செய்தி வரும். பார்த்துவிட்டால் தூக்கம் போய்விடும். பார்க்காவிட்டாலும் ‘என்னவாக இருக்கும்’ என்று தூக்கம் போகிறது. வீட்டில் ‘மனசைக் கல்லாக்கிக்கோ’ என்கிறார்கள். பக்கத்து இருக்கை நண்பர் இதே நெருக்கடியைச் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறார். எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? தாக்குப்பிடிக்கும் சக்தி பிறவியிலேயே வருவதா, வளர்த்துக்கொள்ளக்கூடியதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மனதைக் கல்லாக்கிக்கொள்வது என்றால் நடைமுறையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதுதான். நான் அதை நிஜமாகவே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தினமும் காலையில் தாடை வலிக்கும். பல் மருத்துவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துக் கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொன்னார். மேடு பள்ளமெல்லாம் தேய்ந்து சப்பையாகிக் கிடந்தன. “ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. ஏதாவது டென்ஷனா?” “சேச்சே, எனக்கென்ன டென்ஷன்” என்றேன். அவர் பதில் பேசவில்லை. பல்லுக்கு உறை செய்வதற்காக அச்செடுக்கும் மாவைக் குழைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நாட்களில் அலுவலகத்தில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்தான். அதனால் உங்கள் நண்பரின் சிரிப்பை அளவுகோலாக வைக்காதீர்கள்.

பிறவியா, வளர்ப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அவர்களது நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, ஓயாத சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். சுபாவத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நம்பிக்கையாகப் பற்றிக்கொள்ள ஒரு ஆளாவது இருந்தார்: பாட்டி, ஆசிரியர், யாரோ ஒருவர். எனக்குப் பிடித்த தகவல் வேறு. பதினெட்டு வயதில் தடம் மாறியிருந்தவர்களில் பலர் முப்பதுகளில் மீண்டுவிட்டிருந்தார்கள். உங்கள் வயதில்!

அப்புறம் இன்னொரு ஆய்வு. படிக்கவே மனம் கூசும். 1967-இல் செலிக்மன், மையர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்டது. இரண்டு வகை நாய்களுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. முதல் வகை நாய் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் வகை எதை அழுத்தினாலும் அதிர்ச்சி நிற்காது. பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்ற இடத்தில் விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்தே கிடந்தன. அந்த நாய்கள் இயலாமையைக் கற்றுக்கொண்டன என்றுதான் வெகுகாலம் விளக்கினார்கள். 2016-இல் அவர்களே அதைத் திருத்தினார்கள். ஓயாத வதையில் முடங்கிப்போவது உடம்போடு வந்த குணம். கற்றுக்கொள்ள வேண்டியது ‘என் கையிலும் ஏதோ இருக்கிறது’ என்பதைத்தான்.

ஆகவே ‘எனக்கு மட்டும் முடியவில்லை’ என்பதை விடுங்கள். உங்களுக்கு அழுத்த ஒரு பலகை வேண்டும், சின்னதாக இருந்தாலும் போதும். பத்து மணிச் செய்தியிலிருந்து தொடங்கலாம். மேலாளரிடம் பகலில், நேரில், சாதாரணக் குரலில் சொல்லுங்கள்: “ஒன்பதுக்கு மேல் செய்தி பார்ப்பதில்லை, அவசரம் என்றால் கூப்பிடுங்கள்.” செய்தி தட்டிவிடுவது சுலபம், ராத்திரி ஒருவரைக் கூப்பிட யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். கூப்பிட்டால் மணிச் சத்தம் கேட்கும். அலாரத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். ஒரு கடிகாரம் வாங்குங்கள்.

இரண்டு பேர் வேலை என்பது வேறு விஷயம். அது உங்கள் மனவலிமைப் பிரச்சினையே இல்லை, ஆள் பற்றாக்குறை. செய்யும் வேலைகளை, ஒவ்வொன்றும் தின்னும் மணிக்கணக்கோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், ‘இதில் எதை நிறுத்தட்டும்?’ என்று கேளுங்கள். (சில நிறுவனங்கள் சுமையைக் குறைக்காமல் சனிக்கிழமையில் மன அழுத்தப் பயிற்சி வகுப்பு வைக்கும். அந்தச் சனிக்கிழமையை விடுமுறையாகக் கொடுத்தாலே பாதி அழுத்தம் போய்விடும்.) தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

அந்த நண்பரிடமும் ஒருநாள் தனியாகப் பேசிப்பாருங்கள். ‘எப்படிச் சமாளிக்கிறே?’ என்று கேட்க வேண்டாம், அதற்கும் சிரிப்பார். ராத்திரி தூங்குகிறாரா என்று கேளுங்கள்.