ஏற்காட்டில் ஆப்பிரிக்க டுலிப் மரம் நடலாமா?

சேலம் நகரில் ஆப்பிரிக்க டுலிப் மரம் தானாகப் பரவி நீங்கள் பார்த்ததில்லை என்றும், ஆகவே ஏற்காட்டில் உங்கள் காப்பித் தோட்டத்து வேலியோரம் அழகுக்காக அதை நடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நட வேண்டாம் என்பதே என் பதில்.

சேலத்து வெயிலும் வறட்சியும் தார்ச்சாலையும் விதையை முளைக்க விடுவதில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நல்ல மழை பெறும் ஏற்காட்டில் அந்தக் காப்பு கிடையாது. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் ஈரமான மலைப்பகுதிகளில், கைவிடப்பட்ட காப்பித் தோட்டங்களில் இம்மரம் காடாகவே எழுந்து நிற்கிறது. அதன் நிழலில் பல ஆண்டுகளுக்குப் பின் உள்ளூர் மரங்களும் முளைத்தன என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆயினும், வெட்டவெளியையெல்லாம் உண்ணிச்செடி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் அந்தச் சோதனையை நாமே தொடங்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முற்றிய காயைப் பிளந்து பாருங்கள். படகு போன்ற அந்த ஓட்டுக்குள், கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய இறகு சூழ்ந்த விதைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காக இருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே எழும்பும். இம்மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. அதனால் தனி மரம் ஆண்டுக்கணக்கில் சாதுவாகத் தோன்றும். வேறு தாய்மரத்தின் வழிவந்த இன்னொரு மரம் அருகில் பூத்ததும் நிலைமை மாறிவிடும். நீங்களோ வரிசையாக நடப் போகிறீர்கள்.

மலையில் பழைய மரம் ஏதேனும் நின்றால், மழைக்குப் பின் அதன் சரிவிலும் ஓடைக்கரையிலும் கன்றுகளைத் தேடி, ஒன்றிரண்டைத் தோண்டிப் பாருங்கள். தாய்மரத்து வேரிலிருந்து கிளம்பியது வேர்க்கன்று. தனி வேரோடு தொலைவில் நிற்பது விதைக்கன்று. பின்னது கண்ணில் பட்டால் பரவல் தொடங்கிவிட்டது என்று பொருள். படாவிட்டாலும் நடத் துணிய வேண்டாம், ஏனெனில் வேற்று நாட்டுத் தாவரங்களை மதிப்பிட ஆஸ்திரேலியா 1997-இல் ஏற்ற 49 கேள்விகள் கொண்ட முறையில், பிற நாடுகளில் அது களையாகியிருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. ஹவாய், ஃபிஜி, குயின்ஸ்லாந்து ஆகிய இடங்களில் இம்மரம் களையாகிவிட்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

சிவப்புப் பூதான் வேண்டுமென்றால் கல்யாண முருங்கையை நடுங்கள். போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும், வேலிக்கும் ஆகும், காப்பிக்கு நிழலும் தரும்.