டிரோம்சோ – லாங்யர்பியன்: 960 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

கேள்வி: ஓஸ்லோவில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். மார்ச் மாதம் அவர்களை வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அழைத்துச் செல்ல ஆசை. தூரம் கணக்கிடும் ஓர் இணையதளம் வட நார்வேயின் டிரோம்சோவிலிருந்து அத்தீவுகளின் முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கு 960 கி.மீ., 1 மணி 12 நிமிடம் என்கிறது. விமான அட்டவணையிலோ 1 மணி 40 நிமிடம். எது சரி? ஓஸ்லோ–டிரோம்சோ ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று எடுத்தால் மலிவாக வருகிறது. நடுவே 1 மணி 20 நிமிடம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அட்டவணையை நம்புங்கள். அந்த இணையதளம் 960-ஐ மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது எதுவும் அதில் இல்லை. இறக்கைகளில் படிந்த பனியை மருந்து தெளித்து நீக்க வேண்டியிருந்தால் புறப்பாடு இன்னும் தள்ளிப்போகும். இரண்டு ஊர்களுக்கும் ஒரே கடிகாரம்தான் என்பதால் நேர வித்தியாசக் குழப்பம் இல்லை.

தனித்தனி டிக்கெட் வேண்டாம். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால் டிரோம்சோவில் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், தனியாக வாங்கிய டிக்கெட்டுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. அடுத்த விமானம் மறுநாளாகவும் இருக்கலாம். வயதான பெற்றோருடன் அந்தச் சங்கடம் எதற்கு? ஒரே முன்பதிவில் எடுங்கள், அல்லது ஓஸ்லோவிலிருந்து நேரடியாகச் செல்லுங்கள். சுமார் 2,000 கி.மீ., ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. பெற்றோரின் விசா ஒட்டுத்தாளில் நுழைவுகளின் எண்ணிக்கை அச்சிட்ட கட்டத்தை இன்றே பாருங்கள். அதில் 01 என்று இருந்தால் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா தேவையில்லை. ஆனால் அங்கு போனதுமே அவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர்கள் ஆகிவிடுவார்கள். திரும்பி ஓஸ்லோவுக்கு வர இரண்டாம் நுழைவு வேண்டும். 02 அல்லது 'மல்ட்' (MULT, பலமுறை நுழைவு) என்று இருந்தால், விசா காலமும் தங்கும் நாட்களும் மீதமிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடவுச்சீட்டையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. லாங்யர்பியனில் பார்வை மங்கும் அளவுக்கு வானிலை மோசமானால், இறங்க வந்த விமானம் பெருநிலத்துக்கே திரும்ப நேரலாம். அவ்வளவு பெரிய விமானம் இறங்க அக்கம்பக்கத்தில் வேறு இடம் இல்லை. ஆகவே, பெற்றோர் கொழும்புக்குத் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாட்களாவது முன்னதாக ஓஸ்லோவுக்கு வந்து சேரும்படி தேதிகளைப் போடுங்கள். விசாவில் 01 தான் இருக்கிறது என்றால் டிரோம்சோவோடு நிறுத்திக்கொள்ளலாம். மார்ச் மாதத்தில் துருவ ஒளி அங்கும் தெரியும்.