கை நழுவுகிறது என்று எழுதியிருந்தீர்கள்

கேள்வி: 2004 சுனாமியின்போது எனக்குப் பதினைந்து வயது. திருக்கடலூரில் இருந்தோம். எட்டு வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் இடுப்பளவு வந்தது. கை நழுவுகிறது. அவன் பிறகு கிடைக்கவேயில்லை. படித்தேன், ஆசிரியையானேன், கல்யாணம் முடித்தேன், நன்றாகத்தான் இருந்தேன். என் மகனுக்கு எட்டு வயது ஆனதிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. விடியப்புறம் மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்ட எழும்புகிறேன். தண்ணீர் பவுசர் இரைந்தால் கால் ஓட வெளிக்கிடுகிறது. கோணேசர் கோயிலுக்கும் போவதில்லை, ஏறும்போதே கடல் தெரியும். மகனைக் கடற்கரைக்கு விடுவதில்லை. அழுதான் என்று ஒருநாள் அடித்தும் விட்டேன். நெஞ்சுப் படபடப்புக்கு ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிப் போடுகிறேன். "ஊருக்கே நடந்தது, உனக்கு மட்டுமா?" என்கிறார் கணவர். மாமி பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்து நூல் கட்டிவிட்டார். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இனிமேல் போய் உளவளத்துணை எடுக்கத்தான் வேண்டுமா? போனால் விசர் என்று பெயர் வந்துவிடாதா? மகனுக்கு என்ன சொல்வது?
– உவர்மலை வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஓடினேன், வந்தது, படித்தேன், முடித்தேன் என்று அன்றைக்கு நடந்ததையும் பிறகு நடந்ததையும் முடிந்த கதையாகவே எழுதிக்கொண்டு வருகிறீர்கள். ஒரேயொரு இடத்தில் 'கை நழுவுகிறது' என்று இருக்கிறது. நழுவியது என்று இல்லை. நீங்கள் ஆசிரியை, காலப் பிழை விடுகிற ஆள் அல்ல. அந்த நொடி மட்டும் உங்களுக்கு இன்னும் இறந்தகாலமாகவில்லை.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே சொல்கிறேன், போங்கள்.

தம்பியை நினைத்து அழுவது நோய் அல்ல. திவசம் வரும்போது மனம் கனக்கும், அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கண்டால் கண் கலங்கும், கொஞ்ச நேரத்தில் அடுப்படி வேலைக்குத் திரும்பிவிடுவோம். அது துக்கம், உயிர் உள்ளவரை இருக்கும், இருக்கட்டும். மனவடு வேறு மாதிரி. அதில் நினைவு வருவதில்லை, நீங்களே அந்த இடத்துக்குப் போய் நிற்கிறீர்கள். பவுசர் இரைந்ததும் உங்கள் கால் உங்களைக் கேட்காமல் ஓடப் பார்க்கிறதே, அதுதான்.

வைத்தியர்கள் பார்க்கிற விஷயங்கள் சில உண்டு. நடந்தது கனவாகவோ காட்சியாகவோ திரும்பத் திரும்ப வருகிறதா, அதை ஞாபகப்படுத்தும் இடங்களையும் பேச்சுகளையும் விலக்கி விலக்கி வாழ்கிறோமா, உடம்பு எந்த நேரமும் காவல் நிற்கிறதா, எல்லாம் என் பிழை என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டுவிட்டதா. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வீட்டையும் வேலையையும் குழப்பினால் துறை சார்ந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். பிடிஎஸ்டி (மனவடுவுக்குப் பின்னான அழுத்தக் கோளாறு) என்று மருத்துவ உலகம் 1980இல் பெயர் வைத்தது இதற்குத்தான். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்ப்பவர் சொல்லட்டும்.

'இவ்வளவு காலம் கழித்து' என்பதைப் பற்றி: மகனுக்குத் தம்பியின் வயது வந்துவிட்டது. அதே உயரம், கைக்குள் அடங்குகிற அதே கை. பல வருடம் அமைதியாக இருந்துவிட்டு இப்படியொரு சாட்டு வந்ததும் மனவடு தலைதூக்குவது அறியப்பட்ட விஷயம்தான். வருடத்தை எண்ணாதீர்கள். உங்கள் ஊர் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். பாதித் தெரு கடலில் போய் முடிகிற திருகோணமலையில் இருந்துகொண்டு, கடல் தெரியாத பாதை தேடி நடக்கிறீர்கள். முதலில் கடற்கரை போனது, பிறகு கோயில் போனது. இப்போது மகனின் விளையாட்டும் போகிறது. எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான்.

உங்கள் கணவரிடம் நான் நேரே பேச முடிந்தால், ஊருக்கே நடந்ததால்தான் யாருமே வாய் திறக்கவில்லை என்று சொல்வேன். நத்தாருக்கு அடுத்த நாள், போயா தினத்துக் காலையில் கடல் வந்தது. அதற்கு முன்னும் யுத்தம், பின்னும் யுத்தம். 2006இல் மூதூரும் சம்பூரும் இடம்பெயர்ந்தன. யாருடைய வீட்டில் போய் யார் அழுவது? யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் கூட்டு மனவடு என்று எழுதினார். ஒரு சமூகமே அடிபடும்போது ஆளை ஆள் தேற்றுகிற வழிகளும் சேர்ந்து உடைந்துபோகின்றன. பெரும்பாலானோர் காலப்போக்கில் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. தேறாதவர்கள் பலவீனமானவர்கள் அல்ல. எட்டு வயதுக் கையைப் பிடித்திருந்தவருக்கும் மேட்டில் நின்று பார்த்தவருக்கும் ஒரே நாளில் நடந்தது ஒன்றல்ல.

நீங்கள் கையை விடவில்லை, தண்ணீர் பறித்தது. இதை எத்தனை பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்! ஆறியதா? ஆறுதல் வார்த்தை போய்ச் சேராத ஆழத்தில் அது கிடக்கிறது. பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்துதான் அங்கே இறங்க வேண்டும்.

எப்படி இறங்குவார்கள் என்று ஒரு முறையைச் சொல்கிறேன். நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள், அதுதான் உங்கள் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து நடந்த நல்லதுக்கெல்லாம் பூ வைப்பீர்கள், கெட்டதுக்குக் கல். பிறகு ஒவ்வொன்றாக, பாதுகாப்பான வேகத்தில், தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லிச் சொல்லி அந்தக் கல்லை அதற்குரிய வருடத்தில் வைத்துவிட்டு வருவீர்கள். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் பிள்ளைகளுக்கே இந்த முறையில் உதவியிருக்கிறார்கள். வேறு முறைகளும் உண்டு. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள் போகும், சிலருக்குக் கூடவும் செல்லும். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. 'இன்றைக்கு இவ்வளவு போதும்' என்று நீங்கள் சொன்னால் அவர் நிறுத்த வேண்டும்.

நித்திரைக் குளிசை இதை ஆற்றாது. சில வகை பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும். ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், காசு இல்லை. வெளிநோயாளர் பிரிவில் போய், "சுனாமியில் தம்பியை இழந்தேன், இப்போது நித்திரை இல்லை, பயம் வருகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே தெரிந்த முகம் காணுமோ என்று பயந்தால், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். அங்கே போகிறவர் எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. விசர்ப் பட்டம் கட்டுகிறவர்கள் இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஊர் சின்னது. ஆனால் அவர்கள் யாரும் மூன்று மணிக்கு உங்களோடு எழும்பி இருக்கப் போவதில்லை. மாமியின் நேர்த்தியையும் விட வேண்டாம், நூல் கையில் இருக்கட்டும், அதோடேயே கிளினிக்குக்குப் போங்கள்.

செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். வைத்தியசாலைக்கு உடனே போங்கள், கணவரைக் கூட்டிக்கொண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக வேலை செய்கிறது. தமிழிலேயே கதைக்கலாம்.

மகனை அடித்ததை மறைக்காமல் எழுதினீர்கள். அதை உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள், தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும். உங்களை நிரூபிக்கவென்று இந்த வாரமே அவனைக் கடலுக்குக் கூட்டிப் போகவும் வேண்டாம். அது உதவி செய்பவரோடு படிப்படியாகச் செய்கிற வேலை. அதுவரை அவன் தகப்பனோடு போய் விளையாடிவிட்டு வரட்டும். அவனைப் பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள்: "அம்மாவுக்குச் சின்ன வயதில் கடலில் ஒரு பெரிய பயம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அதற்கு உதவி எடுக்கப் போகிறேன். அன்றைக்கு உன்னை அடித்தது என் பிழை, உன் பிழை இல்லை." எட்டு வயதுக்கு இது விளங்கும். தம்பியைப் பற்றி அவன் கேட்டால், பெயரைச் சொல்லுங்கள்.