யார் எந்த ஊருக்குப் போவது?

கேள்வி: சென்ற மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் டெங்கு பரவியபோது மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றம், வணிகர் சங்கம், தொண்டு நிறுவனம் ஒன்று என நான்கு தரப்பினர் உதவிக்கு வந்தோம். சாலையோர ஊர் ஒன்றில் ஒரே நாளில் மூன்று தரப்பினர் நிலவேம்புக் குடிநீர் வழங்கினோம். மலையடிவாரக் குக்கிராமத்துக்கு ஒருவரும் போகவில்லை. இனி இப்படி நேராதிருக்க, எங்களுக்குள் ஒரு தலைமைக் குழு அமைக்கலாமா?
– மகளிர் குழுச் செயலாளர் ஒருவர், பென்னாகரம் வட்டாரம்

பதில்: தலைமைக் குழுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேண்டியது ஊர்ப்பட்டியல். சமவெளியில் 5,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் தம் எல்லைக்குட்பட்ட குக்கிராமங்களை நன்கு அறிந்தவர். அவரோடு அமர்ந்து பட்டியலை எழுதி, எட்டாத ஊர்களுக்கு முதலிலும் சாலையோர ஊர்களுக்குக் கடைசியிலும் பொறுப்பாளரை முடிவு செய்யுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளாமல் இடத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒருவர் துண்டறிக்கை, மற்றொருவர் குடிநீர் என்று பிரித்துக்கொண்டால், எல்லோரும் வண்டி போகும் ஊருக்கே போவார்கள். இந்த ஊர் எங்களுடையது என்று ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்டால்தான், அங்கே தொட்டி கழுவப்படாததற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும் என்பதால், குழாய்த் தண்ணீர் இடைவெளி விட்டு வரும் ஊர்களில் சிமென்ட் தொட்டிகளையும் பிளாஸ்டிக் டிரம்களையும் வாரந்தோறும் தேய்த்துக் கழுவச் செய்ய வேண்டும். ஒரு நாள் முகாமால் இது முடியாது.

அமைப்புக்கு ஒருவர் வீதம் தினமும் மாலையில் குறித்த நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டவர் விவரம் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயரை இடாதீர்கள்.

தலைமை பற்றிச் சுருக்கமாக: 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, தனியாரும் அமைப்புகளும் நிவாரணப் பொருள்களை மக்களிடம் நேரடியாக வழங்கக் கூடாது என்று தமிழக அரசு அறிவித்து, அது உயர் நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய தடுமாற்றம் வராதிருக்க, உங்கள் பட்டியலின் நகலை வட்டார மருத்துவ அலுவலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

பட்டியலைப் பராமரிக்க உங்கள் ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பே ஏற்றது. தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியதே, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். இன்று ஏறக்குறைய ஒவ்வொரு குக்கிராமத்திலும் அதன் உறுப்பினர் ஒருவராவது இருப்பார். புரட்டாசிக்குள் முதல் கூட்டத்தை நடத்துங்கள். சென்ற முறை விடுபட்ட அந்த மலையடிவார ஊரிலேயே அதை நடத்துவது நல்லது.