காத்தாடி மழையை விரட்டுமா?

(இந்த வாரம் பதில் சொல்பவர், ஆரல்வாய்மொழிப் பக்கம் 20 வருடம் காற்றாலைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்.)

கேள்வி: காத்தாடிகள் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் மழை குறைந்தது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். இறக்கைகள் மேகத்தைக் கலைத்துவிடுமா? (வாசகி, வள்ளியூர்)

பதில்: டீக்கடையில் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தவன் நான். ஒருமுறை ஒரு பெரியவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, "மழையை வித்துத்தானே தம்பி சம்பளம் வாங்குறீங்க" என்றார்.

மேகத்தை மறிக்கிற ஆள் உங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும்: மகேந்திரகிரி, 1,600 மீட்டருக்கு மேல் உயரம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் கேரளப் பக்கம் ஏறும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் குறைந்த காற்று கணவாய் வழியே நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை எங்களுக்குச் சீசன். உங்களுக்கு அது வறண்ட காலம். காத்தாடி வருவதற்கு முன்பும் அப்படித்தான். உங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. நாங்கள் பராமரித்த பழைய டவர்கள் சுமார் 30 மீட்டர். இன்றைய பெரிய காத்தாடிகளில் இறக்கை நுனி 200 மீட்டரையும் தாண்டுகிறது. மழை மேகத்தைக் கலைக்க அது போதாது.

ஆனாலும் அப்பாவை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். கிரேன் போகப் பாதை போடுகிறேன் என்று ஓடையில் மண்ணடித்தால், மழை பெய்தும் குளம் நிறையாது. அந்தப் புகார் வந்தால் நான் ஊர்க்காரர் பக்கம்தான்.

கேள்வி: ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். ஆனால் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பல காத்தாடிகள் நிற்கின்றனவே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கினால் பெரும்பாலான இயந்திரங்கள் தாமாகவே நின்றுவிடும். அது பாதுகாப்புக்கு. இன்னொன்று, ஊர் தூங்குகிற நேரத்திலும் ஆடிக்காற்று தூங்காது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத மின்சாரத்தைக் கம்பியில் ஏற்ற முடியாது, நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, ரிப்பேர். பழைய 225 கிலோவாட் இயந்திரத்தில் இறக்கை நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டருக்கு 1,000 சுற்று வேண்டும். நடுவில் கிடந்து அரைபடுவது கியர்பெட்டி. எங்களிடம் ஒன்று ஆனி மாதத்தில் உடைந்தது. அதை இறக்கக் கிரேன் வேண்டும். அந்தக் காற்றில் கிரேனைத் தூக்கவே முடியாது. காற்று அடங்கிப் புரட்டாசியில் மாற்றி முடித்தோம். அதற்குள் அந்த வருடத்துச் சம்பாத்தியம் போய்விட்டது. கரியும் வேண்டாம், புகையும் இல்லை, எல்லாம் சரிதான். ஆனால் காற்று நம் தோதுக்கு வராது. கழற்றிய இறக்கையோ கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. இரும்பு போல உருக்கி வார்க்க முடியாது.

கேள்வி: மொட்டைமாடியில் சின்னக் காத்தாடி வைக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். பக்கத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம் எல்லாம் மோதி உடைத்த காற்றுதான் உங்கள் மாடிக்கு வரும். சோலார் தகடு போடுங்கள். ஆட்டமும் இருக்காது, சத்தமும் இருக்காது. துணி காயப்போடவும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.